பிராஞ்சுக்குப் புதிதாக ஒருவர் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான், பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிளைகளில். கடைசிச் சில வருடங்களில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆர்டர் எல்லாம் யாரும் போடவில்லை, "போய் சார்கிட்ட உட்காரு" என்று அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் மற்ற பிராஞ்சுக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள், கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு புது கிளார்க் ஜாயின் பண்றாங்க. முதல் நாள் என்ன வேலை கொடுக்கறது?

எதுவும் வேண்டாம். கொடுக்கவும் முடியாது. எம்ப்ளாயி நம்பர் வந்து, அதை வைத்து சிஸ்டத்தில் யூசர் ஐடி திறக்கச் சில நாள் ஆகிவிடும். அதுவரை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து, "சர்க்குலர் படிங்க" என்று ஒரு ஃபைலைக் கையில் கொடுப்பதுதான் வழக்கம். அந்த ஃபைலை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை.

அதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் பிராஞ்சைச் சுற்றிக் காட்டுங்கள். எந்த மேஜையில் என்ன நடக்கிறது, எந்தப் படிவம் எந்த அலமாரியில், ஷட்டர் எத்தனை மணிக்குத் திறக்கும், சாவி யார் யாரிடம் இருக்கும், டீக்காசு எப்படி, சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது, பாத்ரூம் எங்கே. கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் கேளுங்கள், பின்னால் வருகிறேன்.

அப்புறம் ஒரே ஒரு பெயர். "உங்களுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் இவரைக் கேளுங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி மேனேஜர் சொல்ல வேண்டும். "யாரை வேணும்னாலும் கேட்கலாம்" என்று சொன்னால் புதியவர் யாரையும் கேட்க மாட்டார். எல்லோருமே பிஸியாகத்தான் தெரிவார்கள்.

எங்க பிராஞ்ச்ல மொத்தமே ஆறு பேர். யாருக்கு நேரம் இருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க?

கூட்ட நேரத்தில் யாருக்கும் இருக்காது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பகலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும். கவுண்ட்டர் மூடிய பிறகு இருபது நிமிடம், அதிலும் டீ குடிக்கிற நேரம் போக மிச்சம், போதும். தினமும் கிடைக்கிற இருபது நிமிடத்தில் கற்றுக்கொள்வது என்றைக்கோ ஒரு நாள் மூன்று மணி நேரம் பாடம் எடுத்தால் வராது.

அந்த ஒரு பெயராக யாரைப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிராஞ்சிலேயே கெட்டிக்காரரைப் போடுவார்கள். அவர் கை போகிற வேகத்தில் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, கேட்டால் "இதுகூடவா தெரியாது" என்பார். இரண்டு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவரைப் போடுங்கள். தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. சப்-ஸ்டாஃபையும் (பியூன், மெசெஞ்சர் போன்றவர்கள்) விட்டுவிடாதீர்கள். எந்த வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர், எந்தக் கடைக்காரர் சாயங்காலம் மூட்டையாகச் சில்லறை கொண்டுவருவார் என்பதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

எத்தனை நாள்ல ஒருத்தர் தேறிடணும்?

தாளில் பார்த்தால் கிளார்க்குக்கு ஆறு மாதம், ஆபீசருக்கு இரண்டு வருடம் புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம். என் கணக்கு வேறு: ஒருவர் எல்லா வகைக் கூட்டத்தையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். மாதக் கடைசியிலும் தொடக்கத்திலும் பென்ஷன் கூட்டம். 15ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத் தொகைக் கூட்டம், 2023 செப்டம்பரில் அது தொடங்கியதிலிருந்து சின்ன ஊர்க் கிளைகளில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. நவம்பர் முழுக்க பென்ஷன்காரர்களின் வாழ்வுச் சான்று. சாகுபடிக்கு முன்னால் நகைக்கடன் வைக்க வருகிறவர்கள், அறுவடைக்குப் பின்னால் திருப்ப வருகிறவர்கள். மார்ச் முப்பத்தொன்று.

ஜூனில் சேர்ந்தவரை ஆகஸ்டிலேயே "இன்னும் தேறவில்லை" என்று சொல்வது நியாயமில்லை, நவம்பரையே அவர் இன்னும் பார்க்கவில்லையே. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி முதல் வாரமே கையில் கொடுத்துவிடுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

ரெண்டாவது வாரமே கேஷ்ல உட்கார வைக்கச் சொல்றார் மேனேஜர். சரியா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். மேனேஜரையும் குறை சொல்ல முடியாது, கேஷில் உட்கார ஆள் இல்லாமல்தான் புது ஆளைக் கேட்டே வாங்கியிருப்பார். ஆனால் கேஷில் விழுகிற துண்டை உட்கார்ந்தவர்தான் சொந்தக் காசில் கட்ட வேண்டும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஐயாயிரம் கட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆறு மாதம் அவர்கள் கை நடுங்கும், நடுங்குகிற கை இன்னும் தப்பாக எண்ணும்.

ஒரு வாரமாவது பழைய கேஷியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். நூறு தாள் ஒரு பாக்கெட், பத்துப் பாக்கெட் ஒரு பண்டல் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாதது சில உண்டு. எண்ணும் மெஷின் பல கிளைகளில் தாளைத்தான் எண்ணும், மதிப்பை அல்ல. 500 கட்டுக்குள் ஒரு 200 செருகியிருந்தாலும் நூறு என்றே காட்டும், ஆகவே மெஷினில் போடும் முன் ஓரத்தை விசிறிப் பார்க்க வேண்டும். புது 20 ரூபாயும் 200 ரூபாயும் மஞ்சள் குடும்பம், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும். ஒருவர் பணத்தை எண்ணி, டினாமினேஷன் (எந்த நோட்டு எத்தனை என்று) எழுதி, முத்திரை குத்தி முடிக்கும் வரை அடுத்தவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, அவர் எவ்வளவு கத்தினாலும் சரி. கொடுக்கும்போது இரண்டு தடவை. எழுந்தால் டிராயரைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும், தண்ணீர் குடிக்கப் போனாலும்.

பிறகு தனியாக உட்கார வைக்கும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பண்டிகை விடுமுறைக்கு மறுநாள் வேண்டாம், மேலே சொன்ன கூட்ட நாட்கள் வேண்டாம். மாத நடுவில் ஒரு புதன், வியாழன் நல்லது. முதல் பத்து நாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகும் வரை பழைய ஆள் ஒருவர் கிளம்பாமல் இருக்க வேண்டும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்ட பிராஞ்சில் நான் இருந்திருக்கிறேன், அங்கே துண்டு விழுந்தது குறைவு.

கேஷ் கூடுதலா வந்துச்சுன்னா? "வச்சுக்கோ, நாளைக்குக் குறைஞ்சா சரிக்கட்டலாம்"னு சீனியர் சொல்றாராம்.

அந்த சீனியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இதைவிட மோசமான யோசனை கிடையாது. துண்டு விழுந்தால் பணத்தோடு போயிற்று. கணக்கில் வராத பணம் டிராயரில் இருப்பதைத் திடீர் சோதனைக்கு வருகிறவர் பார்த்தால் அது நடத்தை சம்பந்தப்பட்ட விவகாரம், புரொபேஷனில் இருப்பவருக்கு வேலைக்கே வினையாகும். கூடுதல் வந்தால் அன்றைக்கே ஆபீசரிடம் சொல்லி அதற்கான சன்ட்ரி (பலவகை) கணக்கில் வரவு வைக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாளே யாராவது ஒரு கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்.

கள்ள நோட்டு வந்தா புதுசா வந்தவங்க திருப்பிக் கொடுத்துடறாங்க. எப்படிப் புரிய வைக்கறது?

பயத்தில் செய்கிறார்கள். "இது வேணாம்பா, வேற கொடு" என்று சொன்னால் சண்டை இல்லாமல் முடிந்துவிடும் என்ற நினைப்பு. திருப்பிக் கொடுக்கவே கூடாது. நோட்டில் கள்ள நோட்டு முத்திரை குத்தி, பறிமுதல் செய்து, வாடிக்கையாளருக்கு ரசீது கொடுக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள் வரை என்றால் மாதக் கடைசியில் போலீசுக்கு மொத்தமாக அறிக்கை போகும், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உடனே எஃப்ஐஆர்.

விதியைச் சொல்லிவிட்டு "இனிமே உன் பாடு" என்று விடாதீர்கள். முத்திரை குத்துகிற நேரத்தில் அந்த வாடிக்கையாளர் சத்தம் போடுவார், பாவம் அவரும் ஏமாந்தவர்தான். சந்தேக நோட்டு வந்தால் கவுண்ட்டரில் வாய் திறக்காமல் ஆபீசரைக் கூப்பிட வேண்டும், மீதியை ஆபீசர் பேசுவார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கறாங்க சார். எரிச்சலா வருது.

வரத்தான் செய்யும். முதல் நாளே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், பிராஞ்ச் செலவில். ஒரு வேலைக்கு ஒரு பக்கம்: எந்த மெனு, என்ன கேட்கும், எந்தக் கட்டத்தை விட்டால் எரர் வரும், எந்தத் தாளை எந்த ஃபைலில் குத்துவது. மூன்றாவது தடவை கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் "நோட்டைத் திறங்க" என்று சொல்லுங்கள். அதில் இல்லையென்றால் அப்போதே எழுத வையுங்கள். பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் கணக்கு விவரமும் மட்டும் அதில் ஏறக் கூடாது.

சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் நாம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் கணக்கில் உள்ள பணத்தை வாரிசுகள் கேட்டு வருகிறார்கள் என்றால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வோம், நாமினி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று, தொகையைப் பொறுத்து இன்னொன்று. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்த பிறகு பழைய ஆட்களே தடுமாறுகிறார்கள். புதியவர் பத்துத் தடவை கேட்காமல் என்ன செய்வார்.

எங்க ஆள் கேள்வியே கேட்க மாட்டேங்கறார். அமைதியா வேலை பார்க்கறார். நல்லதுதானே?

இதற்குத்தான் நான் பயப்படுவேன். ஒரு பையன், அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஒரு நாள் பதினோரு மணிவாக்கில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டு நாற்பத்தைந்தாயிரத்தை வேறொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டான். ஒரு மணிக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் வேறு ஒரு சின்னத் தப்புக்காக எல்லோர் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பயம். சாயங்காலத்துக்குள் அந்த வேறொருவர் ஏடிஎம்மில் இருபதாயிரம் எடுத்துவிட்டார். மறுநாள் பணம் போட்ட கடைக்காரர் வந்து கேட்டபோதுதான் பிராஞ்சுக்கே விஷயம் தெரிந்தது. எடுத்தவரைத் தேடிப் பிடித்துப் பேசி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஒரு மணிக்கே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் லீன் போட்டுப் பணத்தை நிறுத்திவிட்டு, என்ட்ரியைச் சரிசெய்து, டீ குடிக்கப் போயிருப்போம். டே எண்ட் (அன்றைய கணக்கை சிஸ்டத்தில் மூடுவது) ஓடுவதற்கு முன்னால் தெரிகிற தப்பு அரை மணி நேர வேலை, பின்னால் தெரிகிற தப்பு கடிதம், விளக்கம், ஆர்.ஓ. (மண்டல அலுவலகம்) போன். ஆகவே புதியவர் செட்டில் ஆகிவிட்டாரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தான் செய்த தப்பை அன்றைக்கே, தானாக வந்து சொல்கிறாரா? வேகமும் மெனு நம்பர் மனப்பாடமும் பின்னால் வந்து சேரும்.

அப்படிச் சொல்ல வைக்க ஒரே வழி, முதல் தடவை வந்து சொல்லும்போது நம் முகம் மாறக் கூடாது. "சரி, எத்தனை மணிக்குப் போட்டீங்க, வாங்க பார்ப்போம்." திட்டுவதாக இருந்தால் சரிசெய்த பிறகு, தனியாக. நாம் செய்த பழைய கூத்துகளையும் எடுத்துவிடலாம். நான் சேர்ந்த புதிதில் ஒரு டிராஃப்ட்டைத் தேதி இல்லாமலே கொடுத்து அனுப்பியதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் வாய் திறந்துவிடும்.

கஸ்டமர் புதுசா வந்தவங்க மேல கத்தினா நாம நடுவுல போகலாமா?

போகணும். ஆனால் "அவங்க புதுசு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கவுண்ட்டரில் யாரும் நிற்க மாட்டார்கள், பக்கத்துக் கவுண்ட்டர் வரிசை வாசல் வரை போகும். "என்ன விஷயம், சொல்லுங்க" என்று கேட்டு, பதிலைப் புதியவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எனக்கு 52 வயசு. 23 வயசுல ஒரு பையன் ஆபீசரா வந்திருக்கான். எப்படிக் கூப்பிடறது?

கவுண்ட்டர் திறந்திருக்கும் நேரத்தில் சார், மேடம். கசப்பாக இருந்தாலும் அதுதான் வசதி. நீங்கள் "தம்பி" என்று கூப்பிட்டால், வரிசையில் நிற்பவர் "தம்பி, போய் மேனேஜரைக் கூப்பிடு" என்பார், நகைக்கடனில் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அந்தத் தம்பிதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும். சாப்பாட்டு மேஜையில் தம்பி என்று கூப்பிட்டுக்கொள்ளலாம், அவர் சங்கடப்படவில்லை என்றால்.

இதில் இளைய ஆபீசருக்கும் ஒரு வார்த்தை. பதவி கீழே என்றாலும் பதிலுக்கு சார் என்று கூப்பிடுங்கள், சப்-ஸ்டாஃபை அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். தெரியாததை அவர்களிடமே கேளுங்கள். முப்பது வருடம் வவுச்சர் (பரிவர்த்தனைச் சீட்டு) பார்த்தவரிடம் "இது சரியா இருக்கா சார்" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அவர் உங்களை விழ விடமாட்டார். முதல் வாரமே அதிகாரம் காட்டியவரின் மேஜைக்கு வவுச்சர்கள் எப்போதுமே மூன்றரை மணிக்குத்தான் வந்து சேரும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழே தெரியாத ஆபீசர் வந்திருக்கார். கஸ்டமர் எல்லாம் கிராமத்து ஆளுங்க. என்ன செய்யறது?

கிளார்க் தேர்வு மாநில வாரியாக நடக்கும், அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆபீசர் தேர்வு அகில இந்தியா, பாட்னாக்காரரைப் பாபநாசத்துக்குப் போடுவார்கள். அது சரியா என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் கருத்து உண்டு, ஆனால் வந்து உட்கார்ந்திருக்கும் பையன் அந்த உத்தரவைப் போடவில்லை.

புத்தகத் தமிழ் சொல்லிக் கொடுக்காதீர்கள். கவுண்ட்டரில் காதில் விழுவது வேறு தமிழ்: "பென்ஷன் ஏறிடுச்சா", "நகையத் திருப்பணும்", "வட்டி மட்டும் கட்டி மாத்தி வைக்கணும்", "எம்பது ரூவா பிடிச்சிருக்கான், ஏன்". எங்கள் பிராஞ்சுக்கு வந்த பாட்னாக்காரருக்கு இப்படி ஓர் அறுபது வாக்கியம் எழுதிக் கொடுத்து, அவர் மொழி எழுத்திலேயே உச்சரிப்பை எழுதிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டார்.

ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். நாங்கள் மெசெஞ்சர் பையனிடம் நாள் முழுக்க "இரு, வா, அத எடு" என்று பேசுவதைக் கேட்டு அவரும் அப்படியே பழகியிருக்கிறார். எண்பது வயதுப் பாட்டி ஒருவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்துக்கொண்டே "இரு" என்றார். வரிசையே கொதித்துவிட்டது. பாட்டி மட்டும் சிரித்தது. அன்றிலிருந்து வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் "ங்க": இருங்க, உக்காருங்க, கையெழுத்துப் போடுங்க. அந்த "ங்க" இருந்தால் மீதித் தமிழ் எப்படி இருந்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும்.

சாப்பிடும்போது எல்லோரும் தமிழிலேயே பேசிச் சிரித்தால் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே ஒரு வரி அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் போதும். லீவு விஷயத்திலும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பீகார்க்காரருக்கு தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை பெரிது. அதற்கு விட்டுக் கொடுத்தால் பொங்கலுக்கு அவர் பிராஞ்சைப் பார்த்துக்கொள்வார். எங்கள் பிராஞ்சில் இந்த ஏற்பாடு இரண்டு வருடம் அழகாக ஓடியது.

கூட்டத்துல ஆபீசர் தன்னோட பாஸ்வேர்டையே புது ஆளுக்குக் கொடுத்து "நீயே பாஸ் பண்ணிக்கோ"ங்கறார். அவன் எப்படி மாட்டேன்னு சொல்வான்?

சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். என்ட்ரி போடுவது ஒருவர், அதைச் சரிபார்த்து பாஸ் பண்ணுவது இன்னொருவர் என்று வைத்ததே ஒரு கையின் தப்பை இன்னொரு கண் பார்க்கத்தான். இரண்டையும் ஒருவரே செய்தால், மேலே சொன்ன நாற்பத்தைந்தாயிரம் மாதிரித் தப்பு நேராகக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். நாளைக்கு மோசடி என்று ஏதாவது வந்தால் ஐடி யாருடையது என்று பார்ப்பார்கள், சிசிடிவியில் யார் உட்கார்ந்திருந்தார் என்றும் பார்ப்பார்கள், இரண்டு பேரும் மாட்டுவார்கள். புதியவரின் ஐடியில் சீனியர் உட்கார்ந்து "சும்மா ஒரு என்ட்ரி" போடுவதும் இதேதான்.

மறுக்கும் பாரத்தைப் புரொபேஷனில் இருப்பவர் தோளில் வைக்காதீர்கள். அவருக்காகப் பழைய ஆள் ஒருவர் பேச வேண்டும், "சார், அவன்கிட்ட கொடுக்காதீங்க, நான் வவுச்சரை எடுத்துட்டு வர்றேன்" என்று. பழைய ஆளும் இல்லாத நேரத்தில் மாட்டிக்கொண்டால், "தப்பா அடிச்சா ஐடி லாக் ஆயிடும்னு பயமா இருக்கு சார், நீங்களே வந்து போட்டுடுங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். மரியாதையும் கெடாது, பாஸ்வேர்டும் கைக்கு வராது.

இவர் புதுசுன்னு சொல்ல முடியாது, 20 வருஷ சர்வீஸ். மெர்ஜ் ஆன பேங்க்ல இருந்து வந்தவர். அவருக்குமா சொல்லிக் கொடுக்கணும்?

2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகின. சிண்டிகேட் கனராவோடு, அலகாபாத் இந்தியன் வங்கியோடு, ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியனோடு, ஓரியண்டலும் யுனைடெட்டும் பஞ்சாப் நேஷனலோடு. பிறகு சிஸ்டம் மாறியபோது ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை தெரியும், திரை தெரியாது. மெனு வேறு, படிவம் வேறு, ஒரே வேலைக்குச் சொல்கிற பெயரே வேறு.

இவர்களுக்கு வங்கித் தொழிலைச் சொல்லிக் கொடுக்கப் போனால் அவமானமாகிவிடும். "உங்க பேங்க்ல இதை எப்படிச் செய்வீங்க?" என்று முதலில் கேளுங்கள், பிறகு இங்கே எங்கே வித்தியாசம் என்று மட்டும் காட்டுங்கள். அதோடு "உங்க பேங்க், எங்க பேங்க்" என்ற பேச்சை ஒரு மூன்று மாதத்தில் நிறுத்திவிடுங்கள். நான்கு வருடம் கழித்தும் அது ஓடிக்கொண்டிருந்த பிராஞ்சைப் பார்த்திருக்கிறேன், இரண்டு டிபன் கோஷ்டி, இரண்டு டீ கணக்கு.

புதுசா வர்ற பொண்ணுங்களுக்குத் தனியா ஏதாவது கவனிக்கணுமா?

பாத்ரூம். சிரிக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். பல பழைய வாடகைக் கட்டிடங்களில் ஒன்றே ஒன்றுதான், தாழ்ப்பாள் சரியில்லாமல், பழைய ரெஜிஸ்டர் மூட்டைகளோடு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்த பெண்ணை எனக்குத் தெரியும், ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே உறைத்தது. அவர் சேருவதற்கு முன்பே தாழ்ப்பாளைப் போட்டு வையுங்கள்.

அடுத்து தங்குமிடம். தெரியாத ஊரில் தனியாக வீடு தேடும் பெண்ணுக்கு பிராஞ்ச் பெண் ஊழியர் ஒருவர் கூடப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறையும். கடைசி பஸ் எத்தனை மணி என்று கேட்டு வைத்துக்கொண்டு டே எண்ட் வேலையைப் பிரியுங்கள். பாலியல் தொல்லை புகாருக்கு 2013 சட்டப்படி குழு உண்டு. பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில்தான் அது கட்டாயம். சின்ன பிராஞ்சில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள், வங்கிகளில் அது பெரும்பாலும் மேல் அலுவலக அளவில் இருக்கும். யாரைத் தொடர்புகொள்வது என்பதை முதல் வாரமே, கேட்காமலே, எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடந்த பிறகு தேட வைக்காதீர்கள்.

எங்க சீனியர் ஒருத்தர் வேலையைச் சொல்லிக் கொடுக்கவே மாட்டேங்கறார். எல்லாம் தன் கையிலயே வச்சிருக்கார்.

ஒவ்வொரு பிராஞ்சிலும் ஒருவர் உண்டு. தனக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் மதிப்பு என்ற பயம். நேரே சண்டை போட்டுப் பலன் இல்லை. அவர் லீவு எடுக்கும்போது புதியவரை அந்த மேஜையில் உட்கார வையுங்கள், தெரியாததை அவருக்கே போன் போட்டுக் கேட்கட்டும். முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை வருடத்தில் தொடர்ந்து பத்து வேலை நாள் முன்னறிவிப்பில்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அது மோசடி பிடிக்க வைத்த விதி; இன்னொருவர் வேலை பழகவும் உதவும் என்பது உபரி லாபம்.

முதல் நாளே ரெண்டு தொழிற்சங்கமும் மெம்பர் ஃபார்ம் எடுத்துட்டு வந்துடறாங்க. என்ன சொல்றது?

வரட்டும், அது அவர்கள் வேலை. "ஒரு மாசம் பார்த்துட்டுச் சொல்றேன் தோழர்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை மட்டும் காதில் போட்டு வையுங்கள்.

கஷ்டப்பட்டுப் பழக்கி விட்டா வேற பரீட்சை எழுதிட்டுப் போயிடறாங்க, இல்லைன்னா சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர். எதுக்கு மெனக்கெடணும்?

போகத்தான் போவார்கள். கிளார்க்காகச் சேர்ந்த பிள்ளை ஆபீசர் பரீட்சை எழுதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருக்கிற ஒன்றரை வருடம் அவர் தனியாக ஒரு கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்வாரா, அல்லது ஒன்றரை வருடமும் நீங்கள் அவர் பின்னால் நிற்பீர்களா என்பதுதான் கணக்கு.

போகும்போது இரண்டு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வாரம் அடுத்து வருகிறவரோடு உட்காரட்டும், ஆள் வந்திருந்தால். அப்புறம் அந்தக் கோடு போட்ட நோட்டை வாங்கி வையுங்கள். எங்கள் பிராஞ்சில் அது இப்போது நான்காவது கையில் இருக்கிறது. மெனு நம்பர்கள் இரண்டு தடவை அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. பாட்னாக்காரர் பக்க ஓரத்தில் இந்தியில் எழுதிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன, அதை யாராலும் படிக்க முடியவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஜெனரேட்டர்காரர் போன் நம்பர் மட்டும் மாறிவிட்டதாம், போன வாரம் கேட்டுக்கொண்டு போன் வந்தது.